பேட்டரிக்கு ஒட்டிய டேப்

மலைமேல் அட்டுவம்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மழை மாதத்தில் மேகம் இறங்கிவிட்டால் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. உப்பிப்போன பழைய பேட்டரிகளை எடுத்துவைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டிக்கொண்டிருப்பேன். செத்த பேட்டரிதான், ஆனாலும் ஒன்றோடொன்று உரசினால் தீப்பிடிக்கும். டப்பா நிறைந்ததும் வத்தலக்குண்டு பழைய சாமான் கடைக்காரருக்கு பஸ்ஸில் அனுப்புவேன். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரித்து மறுபடி பேட்டரியே செய்வார்களாம். எனக்குப் போன் போடுகிற ஒரே மனுஷன் அவர்தான். அவரும் "டப்பா எப்ப வரும்?" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசித் தொலைக்க மாட்டார்.

அன்றைக்கு என்னவோ, "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டார். இரண்டு நாளாக யாரோடும் பேசாத தொண்டை, சத்தமே எழும்பவில்லை.

"அண்ணே... அண்ணே... பேட்டரி செத்துப்போச்சு போல" என்று வைத்துவிட்டார்.

என் போனில் சார்ஜ் முழுசாக இருந்தது.