உப்புப் பானையில் கடையாணி

மாசி பிறந்து, களத்து நெல் குதிருக்குள் போனதும் எங்கள் வீட்டில் ஒரு சண்டை தொடங்கும். பழவேற்காட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதல்ல சண்டை. அம்மாவின் பிறந்த வீடு அங்கே இருந்தது. புது அரிசியை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் இறக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. போன அன்றே திரும்புவதா, ஓர் இரவு தங்கி வருவதா என்பதுதான் சண்டை. தங்க வேண்டும் என்று நான் அழுவேன். திரும்ப வேண்டும் என்று நைனா சொல்வார். எனக்குத் துணை நிற்க வேண்டிய அம்மா, சொந்தப் பிறந்த வீட்டுக்காகக்கூட வாய் திறக்காமல் கட்டுச்சோற்று மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பாள்.

காட்டூரில் கோழி கூவும்போது வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரை வந்துவிடும். சாப்பிட்டு, பேசி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி வண்டி. இப்படியே வருஷா வருஷம். நைனாவிடம் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வருஷம், எருமை வேறு கைக்குப் பால் தராது என்றார். அடுத்த வருஷம், புது வைக்கோல்போருக்கு யாராவது நெருப்பு வைத்துவிடுவார்கள் என்றார். அதற்கடுத்த வருஷம், ஏரிக்காற்று முழங்காலுக்கு ஆகாது என்றார். அவருக்கு முழங்காலில் ஏதோ இருக்கிறது என்பது எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

மாமா இதையெல்லாம் சும்மா விடுகிற ஆள் இல்லை. அவர் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கிடங்கில் துணி மூட்டை கட்டுகிறவர். பூப்போட்ட துணிகளை அடுக்கி, சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கப்பலுக்கு அனுப்புவது வேலை. அவர் போட்ட முடிச்சை எந்தக் கடலும் அவிழ்த்ததில்லை என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைப் பெரும்பாலும் அவரே பேசுவார்.

"இன்னா மாப்ள, உன் மூஞ்சியப் பாத்தாதான் எருமைக்குப் பால் சுரக்குதா? அம்மாம் அழகா நீ?" என்பார். மீன்காரத் தெருவில் வலை உலர்த்துகிறவர்கள்வரை சிரிப்பார்கள். நைனாவும் கூடவே சிரித்துவிட்டு மாட்டைப் பூட்டுவார். எனக்கு அவமானமாக இருக்கும். இப்படி ஒரு கருமியான, பிடிவாதமான, வீட்டுத் தலையணையை விட்டால் தூக்கம் வராத மனிதர் எனக்கு நைனாவாக வாய்த்தாரே என்று வருத்தப்படுவேன்.

நான் தங்க ஆசைப்பட்டது பீரங்கிக்காக. அப்போது கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தது. பொழுது சாயும் நேரம் கொத்தளத்தில் ஒரு பீரங்கி வெடிப்பார்கள். அந்த நேரம் எங்கள் வண்டி பாதி வழியில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் எங்கோ 'தொம்' என்று ஒரு சத்தம், மாடுகள் காதை ஆட்டும், அவ்வளவுதான். மாமாவின் மகன் என்னைவிட மூன்று வயது பெரியவன். "நீ கேட்டது பீரங்கி இல்ல. அது விட்ட ஏப்பம்" என்று ஒருமுறை சொன்னான். அந்த ஏப்பம் என்கிற வார்த்தை ஒரு வருஷம் முழுக்க என்னை அறுத்தது.

எனக்கு எட்டு வயது நடந்த மாசியில் விஷயம் முற்றிவிட்டது. இலையில் மடவை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, எப்போதும்போல மாமா தங்கச் சொன்னார். எருமை கன்று போடுகிற நேரம் என்றார் நைனா. அந்த எருமை பொங்கலுக்கு முன்பே கன்று போட்டுவிட்டது என்று அம்மா அத்தையிடம் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். மாமா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

"எங்கூட்டுக் கூரைக்குக் கீழ ஒரு ராத்திரி படுத்தா உன் கவுரவம் கொறஞ்சிடுமா? இந்த வருசம் தங்கலன்னா இனிமே அரிசியும் வோணாம், நீங்களும் வோணாம்."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நைனா தலையைக் குனிந்து, பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். என் பீரங்கி போனது போகட்டும். இனி இந்த ஊரே போய்விடும்போல இருந்தது. பெரியவர்களால் ஆகாது, நாம்தான் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எல்லோரும் கை கழுவப் போயிருந்தபோது வண்டியின் வலப்பக்கச் சக்கரத்திலிருந்து கடையாணியைப் பிடுங்கினேன். ஒரு சாண் இரும்பு. அது இல்லாமல் சக்கரம் அச்சில் நிற்காது. இடுப்பில் செருகினால் சிற்றாடை அவிழ்ந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் சமையலறைக்கு ஓடி, அத்தையின் உப்புப் பானைக்குள் புதைத்தேன்.

புறப்படும் நேரத்தில் தேடல் ஆரம்பமானது. நைனா வண்டிக்கடியில் தவழ்ந்தார். வைக்கோலைப் பிரித்துப் போட்டார். மாட்டின் வாயைக்கூடத் திறந்து பார்த்தார். நானும் மிகுந்த கவலையோடு கூடவே தேடினேன். கருவேலங் கட்டையைச் சீவி ஓர் ஆணி செய்யலாம் என்றார் நைனா. "இருட்டுல சக்கரம் கழண்டா கொழந்தையோட கவுந்து கெடப்பியா?" என்றார் மாமா. கொல்லனிடம் போகலாம் என்றார் நைனா. கொல்லன் கோட்டை வேலைக்குப் போய்விட்டான், நாளைக்குத்தான் வருவான் என்றார் மாமா. கொல்லன் அப்போது எதிர்த்தெருவில் தும்முவது எனக்குக் கேட்டது.

இதற்கிடையில் அத்தை உலைக்கு உப்புப் போடப் பானைக்குள் கைவிட்டாள். கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு பிடி உப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மூடியைப் பத்திரமாக மூடிவிட்டு, "எல்லாருக்கும் சேத்தே ஒல வெச்சிக்கீறேன்" என்றாள்.

நைனா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யாரையும் திட்டவில்லை. வீட்டின் பின்வாசலில் போய் நின்றார். அங்கே மூன்று படி இறங்கினால் ஏரி. படியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. கடையாணி தண்ணீரில் விழுந்துவிட்டதோ என்று பார்க்கிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது; பீரங்கியை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பீரங்கியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். அகழிக்கரை ஓரமாக மாமா என்னையும் அவர் மகனையும் கூட்டிப்போனார். கொத்தளத்தில் சிவந்த முகக்காரர் ஒருவர் திரியோடு வந்தார். அவர் குனிந்ததுதான் தெரியும். அதற்குப் பிறகு மாமாவின் வேட்டிதான் தெரிந்தது, ஏனென்றால் அதற்குள் முகத்தைப் புதைத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டுவிட்டேன். தலையைத் தூக்கியபோது புகைகூட மிச்சமில்லை. "நல்லாப் பாத்தியா?" என்று மாமா மகன் கேட்டான். ரொம்ப நன்றாக என்றேன்.

திரும்பி வந்ததும், தன் வெற்றியைக் கொண்டாட மாமா வாயைத் திறந்தார். அதற்குள் நைனா அவர் கையைப் பிடித்துக் கரையில் கவிழ்த்திருந்த ஒரு படகுக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போனார். நைனா பேசினார். மாமா கேட்டார். மாமா கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு எருமை என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை. நண்டுக் குழம்பை நைனாவின் இலையில் தாமே ஊற்றினார்.

படுக்கும்போது அம்மா வழக்கம்போல என் கணுக்காலில் பழஞ்சேலைக் கிழிசலைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் தினமும் அப்படித்தான். தலை வாரிப் பின்னுவதுபோல அதுவும் பெண்பிள்ளைகளுக்குச் செய்கிற ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

காலையில் கண் விழித்தபோது சேலைக் கிழிசலைக் காணோம். அதற்குப் பதிலாக என் இடது காலிலிருந்து ஒரு கயிறு அம்மாவுக்கும், வலது காலிலிருந்து ஒரு கயிறு நைனாவுக்கும் போயின. மூட்டை கட்டுகிற கயிறு. எங்கள் செவலை மாட்டின் கழுத்து மணி என் காலில் தொங்கியது. நைனா பின்வாசல் கதவில் சாய்ந்து, கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார். முன்வாசலை அடைத்து அத்தை படுத்திருந்தாள். நைனா முடிச்சை நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்தார், பிறகு, "மச்சான், நீங்களே வந்து அவுருங்க" என்று கூப்பிட்டார். கப்பலுக்குப் போடுகிற முடிச்சு அல்லவா.

மாமா மகன் மட்டும் காலில் கயிறு இல்லாமல் மூலையில் கிடந்தான். விருந்தாளிகளுக்கு ஏரிக்கரையில் செய்கிற மரியாதை இது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. அவனைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். ஊருக்கு வந்ததும் இந்த மரியாதையைத் தோழிகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தி, வீட்டுக்கு வந்த சின்னம்மாவைத் தூங்கும்போது தூணோடு கட்டிவிட்டு நல்ல அடி வாங்கினாள்.

வண்டிக்குக் கடையாணி தானாகவே வந்துவிட்டிருந்தது. அதில் உப்பு ஒட்டியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமா அன்றைக்குக் கிடங்குக்குப் போகவில்லை. உரல்மேல் ஏறி நின்று, பின்கதவின் உச்சியில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளை அடித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கே எட்டாத உயரம். எதற்கு என்று கேட்டேன். திருடனுக்கு என்றார்.

அடுத்த வருஷம் நைனாவே, "ராத்திரி தங்கிட்டு வரலாம்" என்றார். சண்டையே இல்லை. ஒரு கடையாணியால் ஒரு மனிதரின் பிடிவாதத்தைத் திருத்தினேன் என்று பல வருஷம் பெருமையாகத் திரிந்தேன்.

நான் பெரியவளானதும் மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தார். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் அம்மா சொன்னாள். ஐந்து வயதிலிருந்து நான் தூக்கத்தில் எழுந்து நடப்பேனாம். கண் திறந்திருக்குமாம், கூப்பிட்டால் கேட்காதாம். ஒருமுறை காட்டூர்க் கிணற்றுமேட்டில் ஏறி நின்ற என்னை நைனா பின்னாலிருந்து வாரி எடுத்தாராம். வெளியே தெரிந்தால் பேய் பிடித்த பெண் என்று வேப்பிலை அடிப்பார்கள், எவனும் கட்டமாட்டான் என்று, கூடப்பிறந்த அண்ணனிடம்கூட அம்மாவை நைனா சொல்லவிடவில்லை. என்னைப் பற்றி ஊர் அப்படிப் பேச விடுவதைவிட, எருமைக்காரன் என்று தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார். அந்த மனிதரைத்தான் நான் கருமி என்று நினைத்திருந்தேன். அன்று அழுதேன்; அம்மா, கல்யாணப்பெண் அழுவது வழக்கம்தான் என்று விட்டுவிட்டாள்.

மருமகளாக அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பின்கதவைத்தான் அண்ணாந்து பார்த்தேன். தாழ்ப்பாளுக்குப் புதிதாக எண்ணெய் போட்டிருந்தது. எட்டு வயதில், அன்று காலை உரல்மேல் நின்றவரிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு பானையும் இரண்டு பாயும் கிடந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "திருடறதுக்கு உங்க வீட்ல இன்னா மாமா கீது?" என்று கேட்டிருந்தேன்.

"இப்ப ஒன்னும் இல்ல. அப்பால வரும்" என்றார் மாமா, வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு.

ஏதோ பெரிய நகை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். வாங்கினால் முதலில் எனக்குத்தான் காட்ட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறினேன்.