வேப்பிலை கட்டிய கதவு

ஐயா, அம்மையீர்,

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டி நான் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் நிகழ்ந்ததை, கொரோனாக் கால நினைவுகளைச் சேகரிக்கும் தங்கள் காப்பகத்தின் முன் வைக்கிறேன்.

கொரோனாக் காலத்தில் குடித்தனக்காரர் ஒருவர் வீட்டிலேயே பரிசோதித்து, தமக்குத் தொற்று இருப்பதை ஒளிக்காமல் சொன்னார். குழாயடிப் பெண்கள் அவர் மனைவியைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. நான் வீட்டைக் காலி செய்யச் சொன்னேன்.

சில வாரங்களில், கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து தனியே தங்கியிருந்த செல்வியின் கதவில் வேப்பிலை தொங்கியது.

"அம்மை போட்டிருக்கு அய்யா, உள்ள வராதீய," என்றாள் ஜன்னல் வழியே.

அதே பெண்கள் பயபக்தியோடு வாசலில் மோரும் இளநீரும் வைத்தார்கள். அன்று மாலை அவள் மூச்சுத் திணறுவது வெளியே கேட்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க எழுந்தேன்.

"ஆத்தா எறங்கற வரைக்கும் ஊசி மருந்து ஆகாதுங்க. கோவிச்சுக்குவா," என்று தடுத்தாள் பக்கத்து வீட்டு மாதம்மா.

கதவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் தட்டியபோது பதில் இல்லை.

உடலைப் பெற வந்த அவள் தம்பி கோபமின்றிச் சொன்னான்: "டெஸ்ட்டுல ரெண்டு கோடு வந்துச்சுன்னு எங்கிட்ட போன்ல சொன்னா. நீங்க காலி பண்ணச் சொல்லிருவியளோன்னு பயந்துதான் வேப்பிலையைக் கட்டிருக்கா."

அம்மன் பெயருக்கு மோர் வைத்த நாங்கள் நோயின் பெயருக்கு என்ன செய்வோம் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

இவ்விவரத்தைத் தங்கள் காப்பகத்தில் பாதுகாத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.