ராவுத்தரும் ஒற்றைப் பூநாரையும்

மீராசா ராவுத்தர் இறந்த செய்தி நான்கு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. கடைவீதியில் மூட்டை சுமக்கும் பரீது, சுள்ளிக்கல் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “டீச்சரே, நம்ம ராவுத்தர் போயிட்டாரு. வெள்ளியாழ்ச்ச அடக்கம். டீச்சருக்கு ஆராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்.” யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு எல்லாச் செய்தியும் அவரிடமிருந்துதான் வரும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுத் தரகுக் கடையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அவருடைய வேலை. பம்பாயிலிருந்து டிரங்க் கால் எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதால், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. மனைவி காலமானபின் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை.

கேரளம் தனி மாநிலமான மறு வருஷம், திருநெல்வேலியிலிருந்து ஆசிரியையாக இங்கே வந்தேன். கணவர் கப்பலில், வருஷத்துக்கு ஒரு மாதம் வீட்டில். மற்றப் பதினொரு மாதமும் அவர் வாங்கித் தந்த பைனாகுலர்தான் எனக்குத் துணை. ஒருநாள் கிடங்குக் கூரையில் இருந்த பறவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடை ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “அது பருந்து இல்ல டீச்சரே, விராலடிப்பான். மீனைத் தவிர ஒண்ணும் தொடாது.” குடையையும் புத்தகப் பையையும் பார்த்தே டீச்சர் என்று முடிவுகட்டிவிட்டார்!

எறணாகுளத்து டாக்டர் ஒருவர், துறைமுகத்துக் கஸ்டம்ஸ் குமாஸ்தா ஒருவர், நான், ராவுத்தர். ஊரில் பறவை பார்க்கும் பைத்தியங்கள் இந்த நால்வர்தான். அரிய பறவையை யார் கண்டாலும் முதலில் அந்த ஜன்னலில் சொல்ல வேண்டும். ராவுத்தர் முதலாளி காதில் விழாமல் டாக்டருக்கு டெலிபோன் செய்வார். காயலைக் கடக்கும் போட்டில் போகிறவரிடம் குமாஸ்தாவுக்குச் சீட்டுக் கொடுத்தனுப்புவார். பரீது வழியாக எனக்கு. வகுப்பில் கடக ரேகை நடத்திக்கொண்டிருப்பேன், சீட்டு வரும்: ‘தோப்பும்படிப் பாலத்தடி. மூணு கரண்டிவாயன். இப்ப நிக்கிது. ஓடுங்க.’ மணி அடித்ததும் ஓடுவேன்.

“பட்சியைக் கண்டா சாயா குடிக்கிறதுக்கு முந்தி சொல்லிரணும் டீச்சரே,” என்பார். “நம்ம மட்டும் பாத்து வச்சுக்கிட்டா அது பதுக்கல்.”

இப்படி எங்களையெல்லாம் ஓடவைத்தவர் அந்த அரிய பறவைகளில் ஒன்றையும் பார்த்ததில்லை. ஐந்து மணிக்குக் கடை அடைத்து அவர் போய்ச் சேர்வதற்குள் பறவை போயிருக்கும். “பட்சிக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதே,” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எறணாகுளம் போகும் போட்டிலிருந்து, வல்லார்பாடத்துச் சேற்றில் ஒற்றைப் பூநாரை நிற்பதைக் கண்டேன். எங்கள் நால்வரில் யாருமே இந்தக் காயலில் அதைக் கண்டதில்லை. டாக்டர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. சொன்னால் ராவுத்தர் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே இருப்பார். இந்த ஒருமுறை அவர் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஐந்து மணிக்கு ஜன்னலில் போய் நின்று, “ஒன்றும் கேட்காதீர்கள், வாருங்கள்” என்று அழைத்து, வள்ளம் பிடித்துக் கூட்டிப்போனேன்.

பறவை நின்றது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, “படைச்சவனே” என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. பிறகு கேட்டார்: “டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரா?”

“இல்லை.”

“நீங்க எப்பக் கண்டீங்க?”

“காலை பத்து மணிக்கு.”

பைனாகுலரை என் கையில் கொடுத்துவிட்டார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “இதை நீங்களே அவங்ககிட்டச் சொல்லணும் டீச்சர். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்,” என்றார். வள்ளத்தை நேரே எறணாகுளத்துக்கே விடச் சொல்லி, டாக்டர் வீட்டுப் படியேறிச் செய்தி சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

ஞாயிறு விடியலில் நால்வரும் போனோம். வெறும் சேறு. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. “நீங்க கண்டு ரசிச்சிட்டுப் பின்னே எங்களுக்கு மிச்சம் தர்றீங்களா ராவுத்தரே?” என்று கேட்டார். ராவுத்தர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுதான் எனக்கு.

நாளை சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று வருஷங்கள் போயின. டாக்டர் டெலிபோனில் ராவுத்தரோடு பேசுவதை நிறுத்தினார். குமாஸ்தா மாற்றலாகிச் சென்னை போனார். எனக்குச் சீட்டு வருவது மட்டும் நிற்கவில்லை. இடமும் பறவையும் எழுதியிருக்கும், ‘ஓடுங்க’ இருக்காது. நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்புவேன். கடைக்கு முன்னால் நடந்தால், டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மணி அடித்திருக்காது.

நேற்றுப் பள்ளிவாசல் வரை போனேன். அவரை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. மதிலுக்கு வெளியே நின்றேன். தெருவில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

டாக்டரும் குமாஸ்தாவும் உயிரோடு இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையில் அவர்கள் பெயர் போடவில்லை, படித்தால் அவர்களுக்கே தெரியும். டாக்டர் ஐயா, அந்தப் பூநாரையைக் காலை பத்து மணிக்குக் கண்டது நான். ஏழு மணி நேரம் பதுக்கியதும் நான். ராவுத்தருக்குத் தெரிந்தது மாலையில்தான். தெரிந்த உடனே அவர் உங்கள் வீட்டுக்குத்தான் புறப்பட்டார்.

சொல்லிவிட்டேன், ராவுத்தரே. போய் வாருங்கள்.