ஸ்மார்ட் போர்டும் ஏழாம் வகுப்பும்

எங்கள் தொழிலில் பாடம் நடத்துவது சுலபம்; நாற்பது பேரை நம் பக்கம் திரும்ப வைப்பதுதான் கஷ்டம். சத்துணவு சாப்பிட்டு வந்த பிள்ளைகளுக்கு மத்தியானம் முதல் பீரியடில் அறிவியல் எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் அரசுப் பள்ளி. போன வருஷம் என் வகுப்புக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. என்னைப் போல அவதிப்பட்டவர்கள் இனி வருவதை ஆறுதலுக்காகப் படிக்கலாம்.

தொடக் கூடாத தொடுதிரை

சுவரில் மாட்டிய அன்றே எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அதற்கு ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டார். பசங்க கை பட்டால் போச்சு என்று அவருக்குப் பயம். தொட்டால்தான் அது வேலையே செய்யும் என்று நான் பல நாள் மன்றாடிய பிறகு, ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பள்ளிக்கு உருப்படியாக இருப்பது ஒரே ஒரு குழாய். வகுப்பு மொத்தமும் அங்கே வரிசை கட்டியது. கடைசி ஆள் வந்து உட்காரவும் பெல் அடிக்கவும் சரியாக இருந்தது. கடைசி பெஞ்ச் பிரகாஷ் மட்டும் இரண்டு கைகளையும் நீட்டியபடி என் முன்னால் வந்து நின்றான். "கை காஞ்சி போச்சி மிஸ். நாளைக்கி இதே கை செல்லுமா, இல்ல மறுபடி கழுவிக்கினு வரணுமா?"

மின்சாரப் பாடம்

மின்சாரம் எப்படித் தயாராகிறது என்று ஒரு வீடியோ போட்டேன். கரி எரிந்தது, தண்ணீர் கொதித்தது, நீராவி பாய்ந்தது. டர்பைன் சுற்ற ஆரம்பித்த நொடியில் கரண்ட் போய்விட்டது.

மொத்த வகுப்பும் பிரகாஷைத் திரும்பிப் பார்த்தது. அவன் அப்பா தினமும் ரயிலேறி அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர். "உங்கப்பாவுக்கு ஒரு போன் போட்றா" என்று எல்லாரும் கத்தினார்கள். அவன் கொஞ்சமும் அசராமல் எழுந்து நின்றான். "கரண்ட்டு செய்யறதுதான் எங்கப்பா வேல மிஸ். அத்த இங்க இட்டாந்து உடறது வேற ஆளுங்க."

ஒரே குரல்

இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்ற வீடியோவுக்கு முன்னால் ஒரு சோப்பு விளம்பரம் வந்தது. நெட் திணறித் திணறி அந்த விளம்பரத்தையே திரும்பத் திரும்பக் காட்டியது. மறுநாள், "நேத்து என்ன பார்த்தோம்?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் ஒரு சொல் பிசகாமல் விளம்பரத்தை ஒப்பித்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் நின்று தலையை நீட்டினார். "பரவால்லையே டீச்சர், போர்டு வந்தப்புறம் எல்லாரும் ஒண்ணா பதில் சொல்றாங்களே!"

சபிதா

சபிதா ஒடிசாவிலிருந்து வந்த பெண். அப்பாவுக்கு இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் கம்பெனியில் வேலை. ஜூனில் சேர்ந்தவள் ஆகஸ்ட் வரை வாய் திறக்கவில்லை. நான் சொல்வது புரிகிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் போனில் மொழிபெயர்ப்பு ஆப்பை எடுத்து, "வேர் தண்ணீரை உறிஞ்சும்" என்றேன். போன் ஒடியாவில் ஏதோ சொன்னது. சபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன் சொன்னது என்னவென்று சைகையில் காட்டினாள்: ஒரு கையில் டம்ளர், மறு கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு மடக் மடக்கென்று குடி. வகுப்பே சிரித்தது.

அந்தச் சூட்டோடு அவளைப் போர்டுக்குக் கூப்பிட்டேன். திரையில் ஒரு செடி. வேர், தண்டு, இலை, பூ என்று ஒவ்வொன்றையும் தொட்டு அவள் மொழியில் பெயர் சொன்னாள். முதலில் முணுமுணுப்பாக, பிறகு சத்தமாக. நாற்பது பேரும் பின்னாலேயே சொன்னார்கள். தப்பாகச் சொன்னவர்களை அவள் விடவில்லை, விரலை ஆட்டித் திரும்பச் சொல்ல வைத்தாள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே நின்றேன். பிரகாஷுக்கு மட்டும் சந்தேகம். "இலைன்னுதான் சொல்லுதா, இல்ல எங்கள திட்டுதான்னு போன்ல போட்டுப் பாருங்க மிஸ்."

காலியான இடம்

தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்தபோது சபிதா வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. சாயங்காலம் பிரகாஷ் வழி காட்ட, அவள் வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகளில் ஒன்று. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். அம்மா ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். "குழந்தைய யார் பாக்கும் டீச்சர்?" என்றார் அப்பா. அவர் கேட்டதில் தப்பில்லை.

போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் மகள் விரலை ஆட்ட, ஒரு வகுப்பே ஒடியா பேசியது. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். பிறகு தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். வருவாளா என்று கேட்டேன், அவர் தன் போனில் வீடியோவை மறுபடி ஓடவிட்டார். ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, வந்த காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் பள்ளி கேட்டில் அவர் நின்றிருந்தார். பக்கத்தில், தலையைப் படிய வாரிய சபிதா. மனைவி நைட் ஷிப்டுக்கு மாறிவிட்டாராம், பகலில் குழந்தையை அந்த அம்மாவே பார்த்துக்கொள்வாராம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார். "வீடியோ ஊருக்கு அனுப்பினேன் டீச்சர். சபிதா அங்க டீச்சர் வேலை பாக்குதான்னு எங்க அண்ணன் கேக்குது. வீட்ல ஒக்காந்திருக்குன்னு எப்பிடி சொல்றது?"

ஆக, கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து வந்தால் பாடம் நடக்கிறது, இரண்டும் போனால் பேச்சு நடக்கிறது, எதில் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள் என்று மட்டும் யாராவது கேட்டால் பெல் அடித்துவிட்டது என்று நான் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறேன்.