கண்ணாடியக்காவும் ஒரு வட்ட ஃப்ரேமும்

பேச வந்தவரின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிடுவார் அக்கா. அனுமதியெல்லாம் கேட்பதில்லை. "இருங்க, இருங்க. இவ்வளவு அழுக்கோட எப்படித்தான் உலகத்தைப் பாக்கறீங்களோ!" தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டிவிட்ட பிறகுதான் "ம், இப்பச் சொல்லுங்க" என்பார். முதலாளிக்கும் இதே கதிதான், தபால்காரருக்கும் இதே கதிதான். அவருடைய சொந்தக் கண்ணாடியில் மட்டும் லென்ஸ் தூள் மாவு போலப் படிந்திருக்கும்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் பில் போடும் மேசைக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், பதினெட்டு வருடமாக லென்ஸ் வெட்டுகிறார். முதலாளி முதல் வாடிக்கையாளர் வரை எல்லாருக்கும் அவர் கண்ணாடியக்கா.

அவர் மேசையில் இரண்டு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. வலக் குழியில் வலக் கண் லென்ஸ், இடக் குழியில் இடக் கண் லென்ஸ். அதைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. பெருக்க வருகிற அம்மாள் ஒருமுறை நகர்த்திவிட்டார். "தட்டைத் திருப்பினா ஒருத்தரோட கண்ணையே திருப்பின மாதிரி" என்று சொல்லிவிட்டு, அரை நாள் அவரோடு பேசவில்லை.

ஏதாவது கெட்டுப்போனால், மெஷின் நின்றாலோ விளிம்பு உடைந்தாலோ, யாரையும் திட்டமாட்டார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். வந்து உட்கார்ந்து, மேசையைப் பார்த்துக் கேட்பார்: "சரி, கையில என்ன இருக்கு?"

சென்ற செவ்வாய்க்கிழமை வந்ததுமே, "என்ன தம்பி, வானம் ஒரே மப்பா இருக்கு" என்று மேசை விளக்கைப் போட்டுக்கொண்டார். அன்றைய முதல் வேலை ஒரு பஸ் ஓட்டுநருடையது. அவருக்கு மூன்று மணிக்குக் கண் பரிசோதனை. தேறாவிட்டால் உரிமத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள், பஸ் வேறொருவர் கைக்குப் போய்விடும். கண்ணுக்குக் கண் வேறு பவர். சொல்லிவைத்து, பத்து நாள் காத்திருந்து வந்த லென்ஸ்கள்.

வெட்டி, ஃப்ரேமில் பொருத்தி, பவர் பார்க்கும் கருவியில் வைத்தவர் அப்படியே நின்றார். வலக் கண் லென்ஸ் இடப்பக்கம் இருந்தது, இடக் கண் லென்ஸ் வலப்பக்கம். காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு இடம் பண்ணத் தட்டைத் தூக்கித் திருப்பி வைத்தவர் அவரேதான். இனிக் கழற்றி மாற்றவும் வழியில்லை. மேலே அகன்று மூக்கோரம் சரிகிற பெரிய ஃப்ரேம் அது. ஒரு பக்கத்துக்கு வெட்டியது மறுபக்கத்தில் உட்காராது.

லென்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். அவசரமென்றாலும் நாலு நாள் ஆகும் என்றார்கள். அக்கா கை கழுவப் போயிருந்தார். குழாய் வெகுநேரம் ஓடியது.

"சரி, கையில என்ன இருக்கு?" என்றார் வந்து உட்கார்ந்து. "ரெண்டு லென்ஸ் இருக்கு. பவர் சரி, வடிவம்தான் தப்பு. அவர் ஒன்றரைக்கு வர்றார், ரெண்டரை மணி நேரம் இருக்கு." இழுப்பறையில் விலைபோகாமல் கிடந்த ஃப்ரேம்களைக் கிளறி, சின்னதாக, முழு வட்டமாக ஒன்றை எடுத்தார். "வட்டத்துக்கு ஏது தம்பி இடதும் வலதும்?"

லென்ஸின் நடுப்புள்ளியை மையால் குறித்துக்கொண்டு, சுற்றிலும் தேய்க்க ஆரம்பித்தார். ஒரு நூல் கூடிப்போனால் லென்ஸும் போச்சு, மூன்று மணியும் போச்சு. இரண்டாவதும் ஃப்ரேமுக்குள் 'டக்'கென்று உட்காரும்வரை அவர் மூச்சு விட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஒன்றரை மணிக்கு ஓட்டுநர் வந்தார், கழுத்து வியர்வையைத் துடைத்தபடி.

"அண்ணே, தப்பு என்மேலதான். லென்ஸை மாத்தி வெட்டிட்டேன்."

"என்ன தங்கச்சி, தலையில இடியைப் போடறே! வண்டியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"முழுசாக் கேளுங்க. அதே லென்ஸை இதுல போட்டிருக்கேன். மாட்டிப் பாருங்க."

மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியைப் பார்த்தார். அகன்ற முகம், புதர் மீசை, நடுவில் இரண்டு குட்டி வட்டங்கள். "பூசணிக்காய்க்குச் சட்டைப் பட்டன் தைச்ச மாதிரி இருக்கே!"

"மூஞ்சிக்கா டெஸ்ட் வைக்கறாங்க? எதிர்க்க மருந்துக்கடைக் கதவுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

இடக் கண்ணைப் பொத்தினார். "கதவை இழுக்கவும்." வலக் கண்ணைப் பொத்தினார். "கீழ சின்னதா... தள்ள வேண்டாம்." கையை எடுத்தார். "அடடே! நான் ரெண்டு வருஷமாத் தள்ளிட்டிருக்கேனே!"

"இன்னைக்கு இதை வைச்சு ஒப்பேத்துங்க. புது லென்ஸ் வந்ததும் உங்க ஃப்ரேம்லயே போட்டுத் தர்றேன். என் செலவு."

அவர் போன பிறகு அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. ஒலியைக் கூட்டித் தடுப்புக்கு மேலே நீட்டினேன்.

"தங்கச்சி, பாஸ்! கேட்ட வரிசையெல்லாம் படிச்சு, அட்டையை அச்சடிச்ச பிரஸ் பேரையும் சேர்த்துப் படிச்சிட்டேன். டெஸ்ட் வைச்சவர் என்னை வாத்தியாரான்னு கேட்கறார். அந்தப் பெரிய ஃப்ரேமை அப்புறம் பாத்துக்கலாம்!"

அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். மஞ்சள் துணியை எடுத்துத் தன் கண்ணாடியைக் கழற்றினார். இதற்குமுன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாயால் ஊதி, ஓரமெல்லாம் நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"அட, வெயிலா அடிக்குது?"

கையை நீட்டி, காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த மேசை விளக்கை அணைத்தார்.