ஒண்ணா, ரெண்டா?

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என் அக்காவைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஒண்ணா ரெண்டா அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். கண் பரிசோதிப்பது அவள் வேலை. கனமான வட்டச் சட்டத்தை மூக்கின் மேல் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று நாள் முழுவதும் கேட்பாள். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. நான் தூக்கத்தில் "ரெண்டு, ரெண்டு" என்று உளறுவதாக என் மனைவிக்குக் குறை.

ஊரையே முடிவு சொல்ல வைக்கிறவளுக்கு, தனக்கென்று ஒரு முடிவெடுக்க வராது. பரிசோதனை அறைக்குத் திரைச்சீலை வாங்கினாள். நீலம் வாங்கினாள், பச்சைக்கு மாற்றினாள், மறுபடி நீலமே தேவலை என்று போய் நின்றாள். அவள் தலையைக் கண்டாலே அந்தத் துணிக்கடைக்காரர் உள்ளே போய்விடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று ஓட்டுநர்களும் காவலாளிகளும் வருவார்கள். பெஞ்சில் காத்திருக்கும்போதே கதவு இடுக்கு வழியாக எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மடமடவென்று ஒப்பிப்பார்கள். அக்கா பலகையைத் திருப்பிப் போடுவாள். பின்பக்கம் வேறு எழுத்துகள். அங்கே போனதும் ஆளின் வாய் கட்டிப்போகும். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "நிஜமா பாக்குறவன் கொஞ்சம் தடுமாறுவான்டா. ஒப்பிக்கிறவன் தடுமாறவே மாட்டான்" என்றாள்.

அவளுக்கு ஒரே மகள். பிறந்தபோது எலிக்குஞ்சு அளவு இருந்ததால் பொடிசு என்று பேர் வைத்தோம். இப்போது என்னைவிட உயரம். மேல்படிப்புக்கு வெளிநாடு போகவேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம். போன அக்டோபரில் அது நிஜமாகவே தலைக்கு மேல் வந்து நின்றது.

'எர்லி டிசிஷன்' என்று ஒன்று இருக்கிறதாம். எல்லோருக்கும் முந்தி ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேதான் போகவேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டு பிள்ளை, பெற்றோர், பள்ளியின் ஆலோசகர் மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைப்பது குதிரைக்கொம்பு, முந்திக் கேட்டால்தான் ஏதாவது தேறும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தாள் அவர் கைக்குப் போகவேண்டும். அப்பாவின் கையெழுத்து இருந்தாலும் போதும்தான். ஆனால் அத்தான் லாரியில் எங்கோ எல்லை தாண்டிப் போயிருந்தார். ஃபோனில் கேட்டதற்கு "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்று நழுவிவிட்டார்.

திரும்ப மாற்ற முடியாத ஒரு முடிவு, அதுவும் என் அக்காவின் கையில். கடவுளுக்கே பொறுக்காது.

இரண்டு இடங்கள். ஒன்று, பேர் சொன்னாலே ஊரார் புருவம் உயர்த்தும் பெரிய பல்கலைக்கழகம். எங்கள் பெரியக்கா குடும்பம் இருக்கும் நகரத்திலேயே இருக்கிறது. இன்னொன்று எங்கோ மலைமேல் ஒரு சின்னக் கல்லூரி, அதன் பேர் என் வாயில் நுழையவே இல்லை. பெரியக்கா அதற்குள் கட்டிலே வாங்கிவிட்டாள். தினமும் கட்டிலைப் படம் எடுத்து அனுப்புவாள், மெத்தை எப்படி என்று கேட்பாள். சொந்த வீடு மாதிரி ஓர் இடம் இருக்கும்போது மலையேறி என்ன கிழிக்கப் போகிறாள் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். ஒரு முறை அல்ல, பத்து முறை.

பொடிசு மறுத்துப் பேசவில்லை. "பெரிசுக்கே போடுறேன்மா" என்றுவிட்டாள். பிரச்சினை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். துடைத்த வில்லையையே மறுபடி துடைத்தாள். டீ ஆறிப்போகும், சூடு பண்ணச் சொல்வாள், அதுவும் ஆறும். "அங்கதானே நல்லது?" என்று தடுப்புக்கு மேல் எட்டிக் கேட்பாள். ஆமாம் என்பேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எட்டுவாள்.

புதன்கிழமை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் புதுக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். படியில் கால் வைத்தால் தரை மேலே வருகிறது என்றார். அட்டையை எடுத்து அவருடைய பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தேன். வலக்கண் அளவை இடக்கண்ணுக்கும், இடக்கண் அளவை வலக்கண்ணுக்கும் எழுதியிருந்தாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிச் செய்ததே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் போனபிறகு, பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பொடிசு தாளோடு கடைக்கு வந்தாள். கல்லூரியின் பேர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருந்தது. அக்கா கையெழுத்துப் போடாமல், "எதுக்கு அங்க போகணும்னு ஒருதரம் சொல்லு" என்றாள். பொடிசு சொன்னாள். நல்ல பேர், பெரிய நூலகம், எந்தப் பாடம் வேண்டுமானாலும் எடுக்கலாம், பெரியம்மா வீடு பக்கத்தில், உடம்புக்கு முடியாவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மடமடவென்று வந்தது.

வில்லை துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். அதே வரிசையில், அதே சொற்கள். எல்லாம் அக்கா சொன்னதும் நான் சொன்னதும்தான். எனக்கே காது கூசியது.

"சரி, அந்த இன்னொண்ணைப் பத்திச் சொல்லு."

பொடிசு என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அங்க... ஒரு கேமரா இருக்கும்மா. கல்லூரிக்காரங்களே வெச்சது, நடைபாதையைக் காட்டிக்கிட்டே இருக்கும். நமக்குக் காலையில அங்க இருட்டுற நேரம். தினம் பாக்குறேன்."

"என்ன தெரியுது?"

"பெரிசா ஒண்ணும்... மூணாவது விளக்கு எரியல. பன்னெண்டு நாளா யாரும் மாத்தல. ஒரு அம்மா நாயைக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அது நொண்டுது. இல்ல, வயசான நாயா இருக்கும், சரியா தெரியல. மேல மழையும் காத்தும் அளக்குற அறை ஒண்ணு இருக்கு. படிக்கிற பிள்ளைங்கதான் முறை வெச்சுப் போய் அளவு எடுக்குறாங்க. நேத்து ஒருத்தனோட குடை பறந்துபோச்சு. துரத்திக்கிட்டே ஓடுனான்." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "எனக்கு அதைத்தாம்மா படிக்கணும்."

"அங்க காய்ச்சல் வந்தா யார் பாப்பா?"

"தெரியலம்மா."

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியக்காவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். "நீ சும்மா இரு" என்றாள். பேனாவை எடுத்தாள். "எனக்கு அந்தப் பேர் எழுத வராது. ஒவ்வொரு எழுத்தா சொல்லு" என்றாள். பொடிசு சொல்லச் சொல்ல, அட்டையில் அளவு எழுதுகிற அதே கவனத்தோடு எழுதினாள். கீழே கையெழுத்தும் போட்டாள். நாலு இருபதுக்குப் பொடிசு பள்ளிக்கு ஓடினாள்.

பெரியக்கா ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. கட்டிலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாளாம். டிசம்பரில் பதில் வந்தது. இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. அன்று அக்கா கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு அழுதாள். ஆகஸ்டில் பொடிசு போனாள். குளிருக்கென்று அக்கா ஒரு நீலக் கோட்டு வாங்கி, சாம்பலுக்கு மாற்றி, மறுபடி நீலத்துக்கே வந்து சேர்ந்திருந்தாள்.

இப்போது காலையில் கடை திறந்ததும் அவளுக்கு முதல் வேலை அந்தக் கேமராதான். கைப்பேசியை எழுத்துப் பலகைக்குக் கீழே சாய்த்து வைத்துக்கொள்வாள். போன வாரம் ஒருநாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை ஃபோனில் பொடிசு கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பலமாகக் காற்று அடித்தது. நான் வில்லையைக் கீழே வைத்துவிட்டு வந்து அக்காவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, மூணாவது விளக்குக் கிட்ட நிக்கிறேன். கை ஆட்டுறேன் பாரு. தெரியறேனா?"

அந்த விளக்கை அவர்கள் இன்னும் மாற்றவில்லை. திரையில் மங்கலாக இரண்டு வெளிச்சம், அதற்கு அப்பால் பனிமூட்டமும் இருட்டும்தான். நான் எவ்வளவு கண்ணை இடுக்கிப் பார்த்தும் ஆள் என்று ஒன்றும் தென்படவில்லை.

"தெரியற. நீலக் கோட்டு போட்டிருக்க. கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டிருக்க. நல்லா தெரியற" என்றாள் அக்கா. ஓர் இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை.