அப்பாவுக்கென்று எடுத்த படங்கள்

என் மகளின் பிறந்தநாள் பரிசை, அவளை ஏமாற்றுவதற்காகவே தேர்ந்தெடுத்தவள் நான்.

இதை வாசிக்கும் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். கேட்டால் போதும்.

ஆரபிக்குப் பத்து வயது நிறையவிருந்தது. கைப்பேசியில் உள்ள படங்களை அச்சிட்டுத் தரும் சின்னப் பிரிண்டர் ஒன்று வேண்டுமென்று இரண்டு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரியூஷன் வகுப்புத் தோழி ஒருத்தி வைத்திருந்தாளாம். வெள்ளவத்தையில், காலிக்குப் போகும் பெருவீதிக் கடையொன்றில் அதை எடுத்துக் காட்டிய முதலாளி உற்சாகமாகச் சொன்னார்: “இது நல்லம் மிஸ். போன்ல ஈக்கிற படம் எல்லாத்தையும் மகளே அடிச்சுக்கொள்ளேலும்.”

எல்லாப் படத்தையும்! அந்தச் சொல்லைக் கேட்டதும் அதை அவர் பக்கமே தள்ளிவைத்தேன்.

ஏனென்றால், என் கைப்பேசிக்குள் அவளுடைய அப்பா இருந்தார். ஐந்து வருடங்களுக்கு முன் கனடாவுக்குப் போனவர். எங்களையும் தன்னிடம் கூப்பிடுவார் என்று நாங்கள் காத்திருந்தபோது, அங்கே வேறொருத்தியோடு வாழத் தொடங்கியவர். என்னை விட்டார், அது உண்மை. ஆனால் மகளை விடவில்லை. வாரம் தவறாமல் எழுதினார். ‘பிள்ளையோட ஒருக்காக் கதைக்க விடும்.’ ‘பிள்ளை இப்ப எவ்வளவு உயரம்? ஒரு படமாவது அனுப்பும்.’ தன் படங்களையும் அனுப்பினார். ஒன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. மகளிடமோ, “அப்பா எங்களைத் தேடுறேல்ல. நம்பரையும் மாத்திப்போட்டார்” என்று சொல்லி வைத்திருந்தேன்.

பழிவாங்கினேனா? ஆம்... அவரிடமிருந்து பறிக்கக் கூடியதாக என்னிடம் இருந்தது அவள் மட்டுந்தான்.

பிரிண்டரை வாங்கினால் கைப்பேசி அவள் கைக்குப் போகும். ஆகவே, எடுத்தவுடனேயே படத்தைத் தானே வெளியே தள்ளும் கமரா ஒன்றைக் கேட்டேன். அதற்குக் கைப்பேசி தேவையில்லை.

“மகள் கேட்டது இது இல்லையே மிஸ்?”

“இதுதான் அவளுக்கு நல்லது” என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்!

ஆரபி பெட்டியைப் பிரித்தாள். ஒரு கணம் முகம் சுருங்கிற்று. பிறகு, “இதுவும் வடிவுதான்” என்றாள். முதற்படமே அவளுடையது, எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில் நின்று, கமராவைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து எடுத்தது. அது உலரும்வரை ஊதிக்கொண்டே இருந்தவள் என்னிடம் நீட்டினாள்.

“இதை அப்பாவுக்குத் தபாலில அனுப்புவமே அம்மா? என்ர முகம் அவருக்கு மறந்துபோயிருக்கும். கண்டாரெண்டால் கதைப்பார்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. “சரி, நாளைக்குப் போடுறன்” என்றேன். மறுநாள் கொள்ளுப்பிட்டியில், என் அலுவலக மேசை லாச்சிக்குள் அதை வைத்துப் பூட்டினேன்.

பதில் வரவில்லை. எப்படி வரும்?

மூன்று வாரம் கழித்து அவளே காரணம் கண்டுபிடித்தாள். “அதில நான் சிரிக்கேல்லத்தானே... அதுதான்.” சிரித்தபடி ஒன்று எடுத்தாள். அடுத்த படத்துக்கு என்னை இரட்டைப் பின்னல் பின்னச் சொன்னாள். அதற்கடுத்ததற்கு மஞ்சள் சட்டை. பிறகு கண்ணாடி முன் நின்று, விழுந்த பல்லின் இடைவெளி தெரியாமல் உதட்டை மூடிச் சிரிக்கப் பழகினாள்! குறையைத் தன்னிடமே தேடினாள் பிள்ளை... குறையோ அவளுக்குப் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தது.

இப்படி லாச்சிக்குள் பதினொரு படங்கள் சேர்ந்தன. அனுப்பினால் அவர் எப்படியாவது அவளோடு கதைப்பார். இத்தனை வருடம் எழுதியதையெல்லாம் சொல்லிவிடுவார். கிழித்தெறியலாம் என்று ஒருநாள் கையில் எடுத்தேன். அவள் முகத்தில் எந்த இடத்தில் கிழிப்பது?

போன ஞாயிறு பின்னேரம், ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். கமராவை நான் வாங்கிக்கொண்டேன். “நில்லு பிள்ளை, உன்னை ஒண்டு எடுக்கிறன்.”

இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “வேண்டாம் அம்மா. என்னை எடுத்து பிலிமை வீணாக்காதேங்கோ.”

“ஏன்?”

“அப்பாவுக்கு என்னைப் பிடிக்கேல்ல. பரவாயில்லை. எனக்கு நீங்கள் இருக்கிறியள்தானே.”

அவள் அழவில்லை. பாடத்தில் விளங்காததொன்று கடைசியில் விளங்கிவிட்டதைப் போலச் சொன்னாள். இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனை வருடங்கள் காத்திருந்தேன்! முழுவதுமாக என்னுடையவளாகிவிட்டாள்.

சொன்னால் அவளுக்கு அப்பா கிடைப்பார். ஆனால் அந்த நொடியே, தனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஆளும் பொய்யென்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால்? தன் முகம், பெற்ற தகப்பனுக்கே பிடிக்காத முகம் என்று நம்பியபடி வளர்வாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே நிற்கிறாள். எந்தப் பக்கமும் எனக்கு வழியில்லை.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்...

முன்பின் தெரியாத உங்களிடம் இவ்வளவையும் கொட்டும் எனக்கு, என் பிள்ளையிடம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: “வா, ஐஸ்கிறீம் குடிப்பம்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீதியைக் கடந்த பிறகும் விடவில்லை.